கதவுக்கும் பேர் வைத்தவன்

மேனாம்பேடு கிஷோருக்கு அம்பத்தூர் எஸ்டேட்டில் போல்ட் செய்யும் கம்பெனி ஒன்றில் வேலை. ஒரு நாளைக்கு எண்ணூறு போல்ட் அவன் கைக்கு வரும். ஒவ்வொன்றிலும் கேஜ் என்ற அளவுக் கருவியை மாட்டித் திருகிப் பார்த்து, மரை சரியாக இருந்தால் இந்தப் பெட்டி, இல்லாவிட்டால் அந்தப் பெட்டி. இதில் மூளைக்கு வேலையில்லை என்பதால் அதை அவன் வேறு இடத்துக்கு வாடகைக்கு விட்டிருந்தான். செல்போனில் கதை படிக்கிற ஆப் ஒன்றில் 'பனிமுதலைகளின் நாடு' என்று ஒரு தொடர்கதை எழுதினான். ராஜா, மந்திரவாதி, ஏழு கோட்டை, பனிக்குள் வாழும் முதலை எல்லாம் அதில் உண்டு. பனியை அவன் ஃப்ரிட்ஜில் பார்த்திருக்கிறான். முதலையைப் பள்ளிக்கூடச் சுற்றுலாவில் பார்த்தான். இரண்டு மணி நேரம் அது அசையவே இல்லை, அதனால் பார்த்ததாகச் சொல்ல முடியாது.

ஆரம்பத்தில் விவரம் தெரியாமல் வில்லனுக்கு ராகவன் என்று பேர் வைத்துவிட்டான். நசரத்பேட்டையிலிருந்து ஒரு வாசகர் கமெண்ட் போட்டார்: "தம்பி, எங்க ஹவுஸ் ஓனர் பேரு ராகவன். உங்க ராகவன் மலை உச்சில நின்னு வாளை உருவுறாரு. எனுக்கு எங்காளு லுங்கிய மடிச்சிக் கட்டிகினு மோட்டார் ரூமாண்ட நிக்கிறதுதான் தெரியுது. கதைக்குள்ள போனவன் வெளிய வந்துட்டேன்."

கிஷோர் மூன்று நாள் சரியாகச் சாப்பிடவில்லை. நம்பி உள்ளே வந்த மனிதரைக் கழுத்தைப் பிடித்து வெளியே தள்ளியது போல ஆகிவிட்டதே என்று வருத்தம். அன்றிலிருந்து ஒரு விதி வைத்துக்கொண்டான். கதையில் வரும் பேர் உலகத்தில் யாருக்கும் சொந்தமாக இருக்கக் கூடாது. அதைச் சோதிக்க ஒரு வழியும் கண்டுபிடித்தான். காலையில் அம்பத்தூர் ஓ.டி. பஸ் நிலையத்தில் கூட்டத்துக்கு நடுவே நின்று, புதுப் பேரை உரக்கக் கூப்பிடுவான். யாராவது திரும்பிப் பார்த்தால் அந்தப் பேர் தள்ளுபடி. 'சொரூபிகா' என்றபோது இரண்டு பெண்களும் ஒரு நாயும் திரும்பின. 'ஹொரேம்பி' என்று கூப்பிட்டபோது திருநின்றவூர் பஸ்ஸுக்கு நின்ற ஒருவர், "இன்னாபா, இன்னா வோணும்?" என்று கேட்டார். அவரை எல்லோரும் அப்படித்தான் கூப்பிடுவார்களாம். காரணம் அவருக்கே தெரியாது.

இப்படிச் சலித்துச் சலித்து எடுத்ததில் அந்த நாட்டில் பேர்கள் பெருகின. வாசகர்கள் ஆயிரத்தைத் தாண்டினார்கள். கிஷோருக்குக் கை பழகிவிட்டது. மேனாம்பேட்டில் கம்பெனி வேன் ஏறினால் மண்ணூர்பேட்டை வருவதற்குள் ஒரு ராஜவம்சத்துக்கே பேர் வைத்துவிடுவான்.

அந்தச் சமயத்தில்தான் அவன் மனைவி விஜி உண்டானாள்.

கிஷோரின் அம்மா வேம்புலியம்மாள் முதல் மாதமே சட்டத்தைச் சொல்லிவிட்டாள். "நம்ம ஊட்ல பேரு வெக்கிறது அப்பங்காரன்தான். பதினோராம் நாளு கொயந்த காதுல மூணு வாட்டி சொல்வான். அதுக்கு மின்ன பெத்தவ காதுல வுயுந்தாகூட பேரு தங்காது." கிஷோரின் சித்தப்பா ஒருவர் குடித்துவிட்டு எட்டாம் நாளே உளறியதால்தான் அவர் மகன் இன்றுவரை ஒரு வேலையிலும் நிற்பதில்லை என்று அத்தாட்சியும் காட்டினாள்.

விஜிக்குப் பொறுக்கவில்லை. "மொத எய்த்தாவது சொல்லேன்."

"வாயிலயே கீது. தொறந்தா வுயுந்துரும்."

"அப்போ துன்னும்போது எங்க வெப்பே?"

"கன்னத்துல ஒதுக்கிப்பேன்."

அதற்குப் பிறகு அவன் சாப்பிட உட்காரும்போதெல்லாம் விஜி எதிரில் உட்கார்ந்து அவன் கன்னத்தையே பார்த்துக்கொண்டிருப்பாள். அவனும் சளைக்காமல் ஒரு பக்கமாகவே மெல்லுவான்.

உண்மையில் அவன் வாயில் சோற்றைத் தவிர ஒன்றும் இல்லை. பனிமுதலைக்கு வைத்தியம் பார்க்கும் கிழவிக்கு ஒரு நிமிஷத்தில் பேர் வைத்தவனுக்கு, பிறக்கப்போகும் குழந்தைக்கு ஒன்பது மாதத்திலும் ஒன்று அகப்படவில்லை. நல்ல நல்ல பேராகத்தான் வந்தன. ஒன்று கூடுதல் அழகாக இருந்தது, கண்பட்டுவிடும் என்று விட்டான். ஒன்று ஸ்கூலில் கேலி செய்ய வசதியாக இருந்தது. ஒன்றை ஒரு வாரம் வைத்திருந்தான். பெண்ணாகப் பிறந்து, கிழவியாகி ரேஷன் கடையில் நிற்கும்போது அந்தப் பேரைச் சொல்லிக் கூப்பிட்டால் அவள் கூச்சப்படுவாள் என்று அதையும் விட்டான். அறுபது வயது வரைக்கும் யோசித்தான்.

பெண் பிறந்தது. ஆஸ்பத்திரியில் மணிக்கட்டில் ஒரு பட்டை கட்டி 'விஜி – பெண் குழந்தை' என்று எழுதினார்கள். விஜி பாப்பா என்று கூப்பிட்டாள். இன்னும் பதினோரு நாள் இருக்கிறது, பத்து நாள் இருக்கிறது என்று கிஷோர் நாளைத் தள்ளிக்கொண்டிருந்தான். ஒன்பதாம் நாள் காலை பாப்பாவுக்கு மூச்சு இரைத்தது. பத்து மணிக்கு நின்றுவிட்டது.

பெண்கள் இடுகாட்டுக்கு வரக் கூடாது என்பதால் ஆண்கள் மட்டும் போனார்கள். குழி சின்னதுதான்; தோண்டியவர் வயதானவர், மெதுவாகப் பேசினார். "பேரச் சொல்லிக் கூப்ட்டு மூணு பிடி மண்ணு போடு நைனா. பேரு தெரிஞ்சாதான் போற எடத்துல கொயந்த திகைக்காம இருக்கும்."

கிஷோர் வாயைத் திறந்தான். நாலாயிரம் பேர்கள் பிறந்த வாய். அன்றைக்கு அதிலிருந்து காற்று மட்டும் வந்தது. ஏதோ ஒன்றைச் சொல்லிவைத்திருக்கலாம். முதலைக்கு வைப்பது போல அங்கே ஒன்றை வைக்க அவனுக்கு நாக்கு எழவில்லை.

கம்பெனியில் அவனோடு வேலை செய்யும் சரண் தோளைப் பிடித்துக்கொண்டான். "வுடு மச்சான். மன்சுலயே சொல்லிக்கோ."

மனசிலும் இல்லை என்பது சரணுக்குத் தெரியாது. கிஷோர் சும்மாவே மூன்று பிடி மண் போட்டான்.

வீட்டுக்கு வந்ததும் விஜி ஒரே ஒரு கேள்வி கேட்டாள். "காதாண்ட சொன்னியா?"

"ம்" என்றான் கிஷோர்.

என்ன பேர் என்று அவள் கேட்கவில்லை. கேட்டால் போகிற குழந்தை திரும்பிப் பார்க்கும் என்று வேம்புலியம்மாள் சொல்லியிருந்தாள். கிஷோர் தன் வாழ்க்கையில் சொன்ன பொய்களிலேயே அந்த 'ம்' தான் சின்னது. இரண்டு வருஷமாக அதைத்தான் அவனால் தூக்க முடியவில்லை.

இரண்டு மாதம் அவன் ஒரு வரி எழுதவில்லை. பிறகு உட்கார்ந்தவன் வேறு மாதிரி எழுத ஆரம்பித்தான். பேர் இல்லாமல் யாரும் அந்த நாட்டில் இருக்கக் கூடாது, முக்கியமாகப் பேர் இல்லாமல் யாரும் சாகக் கூடாது. பழைய அத்தியாயம் ஒன்றில் 'நாற்பது வீரர்கள் மாண்டனர்' என்று ஒரே வரியில் போயிருந்தான். அதை எடுத்து நாற்பது பேருக்கும் பேர் வைத்தான். அவர்கள் ஏறிவந்த குதிரைகளுக்கு வைத்தான். அம்புகளுக்கு வைத்தான். வடக்குக் கோட்டைச் சமையற்கட்டின் கதவுக்குக் 'குந்தேசிமா' என்று வைத்தான்.

சிம்ரன் என்ற வாசகி எழுதினாள்: "அண்ணா, குந்தேசிமா ஏதோ பெருசா பண்ணப்போறான்னு பத்து அத்தியாயம் காத்துக்கிட்டு இருந்தேன். அது கடைசி வரைக்கும் கதவாவே இருக்கு." அதோடு அவளும் போய்விட்டாள்.

கேன்டீனில் சரண் சொன்னான். "மாமே, உன் கதைல ஒருத்தன் தும்முனா தும்மலுக்கு ஒரு பேரு வெக்கிறே. கதை பட்ச்சிகினு கீறனா, ஓட்டர் லிஸ்டு பாத்துகினு கீறனான்னே தெரில."

"உள்ள போய்ப் படிக்கணும்டா."

"எங்க உள்ள போறது? வாசல்ல நாப்பது பேரு நிக்கிறான், ஒவ்வொருத்தனையும் விசாரிச்சிட்டுப் போறதுக்குள்ள லஞ்ச் பெல் அட்ச்சிடுது."

வாசகர்கள் உதிர்ந்துகொண்டே வந்தார்கள். கவிப்பிரியா என்று ஒருத்தி மட்டும் போகவில்லை. மதியம் மூன்று மணி வாக்கில் வருவாள். சண்டை, சூனியம், சிம்மாசனம் எதைப் பற்றியும் அவளுக்கு அக்கறை கிடையாது. பெண் பிள்ளைகளைப் பற்றித்தான் கேட்பாள். குதிரைக்காரன் மகளுக்கு வயது என்ன? சமையற்கட்டில் நிற்கிற பெண்ணுக்கு அம்மா இருக்கிறார்களா? பனியில் நடக்கிறாளே, காலுக்கு ஏதாவது போட்டிருக்கிறாளா? ஒருமுறை ஈலோத்தி என்ற சின்னப் பெண்ணுக்குக் காய்ச்சல் வந்தது. அன்றைக்குக் கவிப்பிரியாவிடமிருந்து பதினான்கு கமெண்ட் வந்தது. பதினான்கிலும் ஒரே விஷயம்தான்: அவளை எதுவும் செய்துவிடாதீர்கள். கிஷோர் மறுநாளே காய்ச்சலை இறக்கி, ஈலோத்தியை ஆப்பிள் சாப்பிட வைத்தான்.

"இத்தான்டா கதைக்குள்ள போறதுன்றது" என்று சரணிடம் காட்டினான்.

சரண் படித்துப் பார்த்தான். "போனவங்க வெளிய வரவே இல்ல போலகீதே. ஊட்ல தேடப்போறாங்கடா."

போன ஆடி மாதம் ஒரு நாள் எஸ்டேட்டில் டிரான்ஸ்பார்மர் வெடித்து, இரண்டரை மணிக்கே ஷிப்டை விட்டுவிட்டார்கள். கிஷோர் படியேறி வந்தபோது கதவு திறந்திருந்தது. விஜி பக்கத்துத் தையல் கடைக்கு ஜாக்கெட்டுகளுக்கு ஹூக் வைத்துக் கொடுப்பாள். ஜாக்கெட் குவியலுக்கு நடுவில் அவனுக்கு முதுகைக் காட்டி உட்கார்ந்திருந்தாள். எவர்சில்வர் டப்பா மேல் செல்போனைச் சாய்த்து வைத்து, ஒரு விரலால் எதையோ தட்டினாள். மடியில் ஒரு நோட்டு.

கிஷோரின் பாக்கெட்டில் செல்போன் மணி அடித்தது. எடுத்துப் பார்த்தான். 'கவிப்பிரியா: ஈலோத்தி ஏன் இன்றைக்கு வரவில்லை?'

விஜி திரும்பினாள். "ஷிப்ட்டு வுட்டாச்சா?"

"டிரான்ஸ்பார்மர் பூட்ச்சி" என்றான். பிறகு, "நீயா?"

"அந்த ஆப்பு பேரு கேட்டுச்சி. தோணுனதப் போட்டேன். உனுக்கு மட்டுந்தான் வெக்கத் தெரியுமா?"

அவள் நோட்டை மூடவில்லை. அவன் பக்கம் தள்ளினாள். கதையில் வந்த பெண் பிள்ளைகள் அத்தனை பேரும் அதில் இருந்தார்கள். அறுநூறுக்கு மேல். ஒவ்வொரு பேரையும் அடித்து, பக்கத்தில் காரணம் எழுதியிருந்தாள். 'செத்துட்டா.' 'பொய் சொல்றா.' 'இளவரசி. இவருக்கு இளவரசிங்களப் புடிக்காது.' 'சும்மா அழறா.' 'நல்லவதான், ஆனா எல்லாரும் இவளையே கூப்புடறாங்க.' ஈலோத்தியின் பேருக்கு நேரே, 'காய்ச்சல் வர வெச்சாரு. இவளா இருந்தா வெச்சிருக்க மாட்டாரு.'

"நீ எதுக்கு இம்மாம் பேரு வெக்கிறேன்னு எல்லாருக்கும் குழப்பம்" என்றாள் விஜி. "எனுக்குத் தெரியும். பாப்பா காதுல சொன்ன பேர வெளிய சொல்லக்கூடாதுன்ட்டாங்க. அதனால நடுவுல எங்கியோ ஒளிச்சி வெச்சிகீறே. நான்தானே தேடணும். ரெண்டு வர்சமாத் தேடறேன்."

கிஷோர் நோட்டைப் புரட்டினான்.

"கண்டுபுட்ச்சிட்டேன்" என்றாள். கடைசிப் பக்கத்தில் அடிக்காமல் ஒரு பேர் இருந்தது. "எம்பத்தேழாவது அத்தியாயம். ஒரு பொண்ணு கெணத்தாண்ட வருது. தண்ணி குடிக்குது. போய்டுது. ஒரே வரி. உன் கதைல எவளும் ஒரு வரில போனதில்ல. நுவேரி. அதானே?"

அந்த வரியை எழுதிய நாள் கிஷோருக்கு நினைவிருந்தது. வேனில் பக்கத்து சீட்டுக்காரரின் டிபன் பையிலிருந்து சாம்பார் ஒழுகி அவன் பேன்ட்டை நனைத்துக்கொண்டிருந்தது. ஒரு கையால் துடைத்துக்கொண்டே மறு கையால் தட்டினான். அவசரத்தில் அந்தப் பெண்ணைக் கிணற்றடியிலிருந்து சீக்கிரம் அனுப்பிவிட்டான். அதற்கு மேல் நுவேரியைப் பற்றி அவனுக்கே எதுவும் தெரியாது.

விஜியின் முகத்தைப் பார்த்தான். பாப்பா இருந்த ஒன்பது நாளும் பார்த்த முகம் அது. அதற்கு அப்புறம் பார்க்கவில்லை.

"ம்" என்றான்.

விஜி கண்ணை மூடிக்கொண்டு அந்தப் பேரை இரண்டு தரம் சொல்லிப் பார்த்தாள். சத்தம் வராமல் இன்னொரு தரம். பிறகு கேட்டாள். "வலது காதுலயா, எடது காதுலயா சொன்னே?"

"வலது."

"சொல்லச்சொல்ல மூஞ்சி எப்டி இருந்துச்சி?"

ஏழு கோட்டைகளைக் கட்டியவன் அவன். பனியைப் பெய்ய வைத்தவன். அந்தச் சின்ன முகத்தில் ஒரு மாற்றத்தை வரவழைத்துச் சொல்ல அவனால் முடியவில்லை. சுவரைப் பிடித்துக்கொண்டு தரையில் உட்கார்ந்தான்.

"இல்ல விஜி."

"இன்னா இல்ல?"

"பேரு இல்ல. மொதல்லருந்தே இல்ல. வாயில கீது, கன்னத்துல கீதுன்னு உன்னாண்ட வுட்டது எல்லாம் உதாரு. யோசிச்சிகினேதான் இருந்தேன். எதுவுமே அவளுக்குப் பத்தல. பதினோரு நாளு இருக்குதுன்னு நெனச்சிட்டேன்."

"குயியாண்ட?"

"கேட்டாங்க. வர்ல."

"சும்மாவா மண்ணு போட்டே?"

"சும்மாதான் போட்டேன்."

விஜி நோட்டை மூடினாள். ஒரு ஜாக்கெட்டை எடுத்து ஹூக் வைத்தாள். இன்னொன்று வைத்தாள். மூன்றாவதைத் தப்பான பக்கத்தில் வைத்துவிட்டு, பிரித்து, மறுபடி வைத்தாள். நூலைப் பல்லால் கடித்த பிறகுதான் பேசினாள்.

"கதவுக்கு வெச்சியே" என்றாள்.

அதற்கு மேல் திட்டவில்லை. அழவும் இல்லை. நாலு நாள் அவனுக்குச் சோறு போட்டாள், காலையில் டிபன் கட்டிக் கொடுத்தாள், பேசவில்லை. மூன்று மணிக்குக் கவிப்பிரியாவும் வரவில்லை. கிஷோர் எழுதவும் இல்லை. கேஜை மாட்டித் திருகும்போது நல்ல போல்ட்டை எல்லாம் கழிவுப் பெட்டியில் போட்டு சூப்பர்வைசரிடம் ஏச்சு வாங்கினான். சரண் என்னவென்று கேட்டான். "ஊட்ல பிரச்சன" என்றான். அதற்கு மேல் அவனுக்குச் சொல்லத் தெரியவில்லை.

ஞாயிற்றுக்கிழமை காலை விஜி குளித்து, ஈரத் தலையோடு வந்து நின்றாள். "எடத்தக் காட்டு."

வேம்புலியம்மாள் வாசலை மறித்தாள். "பொம்பள அங்க போவக்கூடாதும்மா. நம்ம வழக்கத்துலயே இல்ல."

"வந்து தலைக்கு ஊத்திக்கிறேன் அத்த" என்றாள் விஜி. வேம்புலியம்மாள் மருமகளை ஒரு தடவை ஏற இறங்கப் பார்த்தாள். விலகி வழிவிட்டாள்.

ஷேர் ஆட்டோவில் இரண்டு பேரும் பேசாமல் போனார்கள். இரண்டு வருஷத்தில் அங்கே புதிதாகச் சுற்றுச்சுவர் எழுப்பியிருந்தார்கள். மழைத் தண்ணீர் தேங்குகிறது என்று ஒரு பக்கம் லாரி லாரியாக மண்ணடித்துச் சமப்படுத்தியிருந்தார்கள். குழந்தைகளைப் புதைக்கிற மூலையில் மேடும் இல்லை, கல்லும் இல்லை. ஆடாதொடை முளைத்திருந்தது.

கிஷோர் ஒரு கோடியிலிருந்து மறு கோடி வரை நடந்தான். திரும்பி நடந்தான். எங்கேயாவது கையைக் காட்டினால் அவள் நம்பிவிடுவாள். கையைத் தூக்கக்கூடச் செய்தான்.

"தெரியல" என்றான். "இந்தப் பக்கந்தான். எதுன்னு தெரியல."

விஜி தலையாட்டினாள். "நீ கேட்டாண்ட போய் நில்லு."

"நானும் இங்கியே…"

"போ."

போனான். அங்கிருந்து பார்த்தபோது அவள் ஆடாதொடைச் செடிகளை ஒதுக்கிவிட்டு, இருந்த இடத்திலேயே உட்கார்ந்தாள். வெகுநேரம் உட்கார்ந்திருந்தாள். பிறகு ஒரு கையைத் தரையில் ஊன்றி, குனிந்து, மண்ணோடு கன்னத்தை வைத்தாள். இன்னொரு கையால் வாயை மறைத்துக்கொண்டாள், பக்கத்தில் யாருக்கும் கேட்டுவிடக் கூடாது என்பது போல. தண்டவாளத்தில் ஆவடிப் பக்கம் ஒரு மின்சார ரயில் போயிற்று. அது போய் முடியும் வரைக்கும் அவள் காத்திருந்தாள் என்று கிஷோருக்குத் தோன்றியது. உதடு அசைந்ததா என்று அவ்வளவு தூரத்திலிருந்து தெரியவில்லை.

அவள் எழுந்து வந்தாள். கேட்டுக்குப் பக்கத்துக் குழாயில் கை கால் கழுவினாள். கன்னத்தில் ஒட்டியிருந்த மண்ணைக் கழுவவில்லை, மறந்துவிட்டாள் போலும். புடவை முந்தானையைப் பிழிந்து உதறினாள்.

"இன்னா பேரு விஜி?" என்று கேட்டான் கிஷோர்.

"அவளாண்ட சொல்லிட்டேன்" என்றாள். "வா, ஆட்டோ வருது."